காலையில் வந்த அக்கா

லாரி டிரைவரின் மனைவி, சாகக் கிடப்பவர்களைப் பராமரிக்கும் இல்லத்தில் சம்பளமில்லாமல் தொண்டு செய்துவந்தவள். அவள் இறந்தபின் அந்த வேலையை அவரே ஏற்றுக்கொண்டார். ஒருநாள் மதியம், அங்கே சாகக் கிடந்த நாதியற்ற தையல்காரம்மாவுக்குச் சாப்பாடு ஊட்டப் போனார்.

"வேணாண்ணே. காலையில அக்கா ஊட்டினதுலயே வயிறு நிறைஞ்சிருக்கு."

"எந்த அக்கா?"

"கன்னத்துல மச்சம் இருக்குமே. நமக்கு ஊட்டும்போது தானும் வாயைத் திறப்பாங்க."

அவர் மனைவியேதான். காலையில் யாருமே வரவில்லை என்றாள் நர்ஸ்.

டிரைவர் தையல்காரம்மாவிடம் குனிந்தார். "மறுபடி வந்தா, வீட்டுக்கு மட்டும் ஏன் வர்றதில்லைன்னு கேளும்மா."

மறுநாள் தையல்காரம்மாவே அவரைக் கூப்பிட்டாள். "கேட்டேண்ணே. 'அவருக்கென்ன, குத்துக்கல்லு மாதிரி நல்லாத்தானே இருக்காரு'ன்னு சிரிச்சாங்க."

டிரைவர் தன் நாடியைப் பிடித்துப் பார்த்தார். அது திடமாக அடித்துக்கொண்டிருந்தது.