லெஸ்டருக்கு வைத்த மீன்

பானையில் மீன்தலை வெந்துகொண்டிருந்தபோது அதிகாரி உள்ளே வந்துவிட்டார்.

நாளைக்கு வர வேண்டிய ஆள். வானிலை கெடப்போகிறதென்று விமானி இன்றைக்கே கொண்டுவந்து இறக்கிவிட்டானாம். புகைபோக்கியில் புகை தெரிந்த முதல் வீடு எங்களுடையதாம். எங்கள் தலையெழுத்து.

ஹாலோவே என்று பெயர். உணவு உதவித் திட்டத்தின் அதிகாரி. சேறே படாத புது பூட்ஸ், கழுத்தில் அடையாள அட்டை, முகம் முழுக்கச் சிரிப்பு.

என் அக்கா எஃபி கையில் கரண்டியோடு அப்படியே நின்றாள். நான் அடுப்புப் பக்கம் திரும்பவே இல்லை.

எங்கள் யூக்கான் ஆற்றில் சால்மன் மீன் பிடிக்கத் தடை. கடலில் கப்பல் கப்பலாக வாரிக்கொண்டு போகிறவனை எவனும் கேட்பதில்லை. நாங்கள் வலை போட்டால் வலையும் பறிமுதல், படகும் பறிமுதல். படகு போனால் குளிர்காலத்துக்கு விறகும் கிடையாது, மான் கறியும் கிடையாது.

ஆனால் நாளைக்கு அக்கா புருஷன் லெஸ்டருக்கு நினைவு விருந்து. ஊரே வந்து சாப்பிடும். செத்தவருக்கான பங்கைத் தீயில் வைப்போம். ஆயுசு முழுக்க மீன் பிடித்த மனிதருக்கு வேறு எதை வைப்பது? விடியற்காலையில் போய் ஒரே ஒரு மீன் பிடித்து வந்தேன். தலை அத்தானுக்கு. எங்களிடம் தலைதான் மரியாதை.

"ஆஹா, மீன் வாசனை!" என்றார் ஹாலோவே.

அக்காதான் சமாளித்தாள்.

"நீங்க அனுப்பின டின் மீனுதான் சார்."

அந்த டின்! போன மாதம் பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது. பழங்குடி மக்களுக்கென்றே பார்த்துப் பார்த்துச் செய்தது என்று மேலே எழுத்து; கூடவே தலையில் இறகுக் கிரீடம் வைத்த ஒருவன் படம். எங்கள் பாட்டன் முப்பாட்டன் எவனும் அப்படி இறகு வைத்ததில்லை. உள்ளே, எங்கோ கூண்டில் வளர்த்த மீன். திறந்தால் குடலைப் பிடுங்குகிற நாற்றம். என் நாய்கள் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டன. பசியோடு இருந்த நாய்கள்.

ஹாலோவேக்கு ஒரே பூரிப்பு. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்குள் வந்தவனுக்குச் சாப்பாடு போடாமல் அனுப்புகிற வழக்கம் எங்களிடம் கிடையாது, அவன் யாராக இருந்தாலும் சரி. அக்கா ஒரு கிண்ணத்தை எடுத்தாள்.

டின் மீனுக்குத் தலை ஏது? கரண்டி கொஞ்சம் ஆழமாகப் போனால் போதும், பானையில் கிடந்த தலை கண்ணை முழித்துக்கொண்டு மேலே வந்துவிடும். அக்கா மேலாகவே கோரினாள். சூப்பு, உருளைக்கிழங்கு, இரண்டு துண்டு மீன்.

அவர் உறிஞ்சினார். கண்ணை மூடிக்கொண்டார்.

"டின்னு பிடிக்கலன்னு உங்க ஊர்லேர்ந்து எத்தனை புகார் தெரியுமா? இதைச் சாப்பிட்டவன் குறை சொல்லுவானா? எல்லாம் சமைக்கிற கையில இருக்கு!"

அவர் தாடியில் எண்ணெய் வழிந்தது. அத்தானுக்கென்று நான் பிடித்த மீனின் எண்ணெய்.

"இன்னும் கொஞ்சம் கிடைக்குமா?"

அக்கா மறுபடி கோரினாள். பானை வற்றியிருந்தது. கரண்டி எதன் மேலோ தட்டியது.

சட்டென்று எழுந்து அவருக்கும் அடுப்புக்கும் நடுவில் போய் நின்றேன். "பிஸ்கட் தொட்டுக்கிறீங்களா சார்?" என்று இளித்தேன். தூ! என்ன இளிப்பு அது. சொந்த வீட்டில் திருடனைப் போல.

இரண்டாவது கிண்ணமும் காலி. வாயைத் துடைத்துக்கொண்டு செல்போனை எடுத்தார்.

"அம்மா, டின் மீனைப் பத்தி இதைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நல்லா இருக்கு, இதுவே போதும்னு."

"எதுக்கு சார்?"

"திங்கட்கிழமை மீன் தடை பத்தின கூட்டத்துல போட்டுக் காட்டத்தான். போன கூட்டத்துல ஃபோன்ல ஒரு அம்மா ஒரே அழுகை. எந்த ஊர்னு தெரியல. எழவு விருந்துக்கு மட்டுமாவது ஆத்துல ஒரு மீன் பிடிச்சுக்க விடுங்கன்னு. எங்க ஆளுங்க பாதிப் பேர் மனசு இளகிட்டாங்க. இந்த வீடியோவைப் பார்த்தா, அந்தப் பேச்சுக்கே இடமிருக்காது பாருங்க."

அந்த அம்மா அவர் எதிரில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

அத்தானைப் புதைத்த வாரம் அது. ஊர்க்கூடத்து ஃபோனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவள் கெஞ்சியபோது பக்கத்தில் நான் இருந்தேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே, கரையில் கட்டியிருந்த என் படகைப் பார்த்தாள்.

பிறகு செல்போனைப் பார்த்தாள்.

"நல்லா இருக்கு சார். இதுவே போதும்."

"கொஞ்சம் சிரிச்ச முகமா, இன்னொரு தடவை," என்றார் ஹாலோவே.

அவள் சிரித்தாள்.