நட்சத்திரம் வாங்கிய பூனைக்குட்டி

அரிசி மண்டியில் குடியிருந்த சாம்பலிப் பூனைக்கு மகனைக் கம்ப்யூட்டர் பள்ளியில் சேர்ப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. புருஷன் கடுவன் பிடித்த பிடியை விடவில்லை.

"வருங்காலமே கம்ப்யூட்டர்தான். நம்ம பொட்டு இன்னும் மண்ணுல புரண்டுதான் படிக்கணுமா?"

"எலி பிடிக்காத பூனையை முதலாளி சாக்குல கட்டி ஆத்துக்கு அக்கரையில விட்டுடுவாருங்க. அதை அங்க சொல்லித் தராங்களா?"

"பெரிய திரை முழுக்க எலியா ஓடுது. தட்டினா நட்சத்திரம் கொட்டுது. வகுப்புல ஏசி வேற. உனக்கென்ன தெரியும்?"

சேர்த்தாயிற்று. பொட்டு தட்டித் தட்டி நட்சத்திரமாய்க் குவித்தது. கழுத்தில் பதக்கம் ஏறியது. கடுவனைக் கையில் பிடிக்க முடியவில்லை.

ஒரு நாள் முதலாளி பார்த்துக்கொண்டிருக்கும்போதே மண்டிக்குள் ஒரு கிழட்டு எலி வந்தது. "போடா கண்ணு" என்று சாம்பலி மகனைத் தள்ளிவிட்டது. பொட்டு பாய்ந்து போய் எலியின் முதுகில் ஒரு தட்டு தட்டியது. பிறகு பதவிசாக உட்கார்ந்து, நட்சத்திரம் எங்கிருந்து விழுமென்று கூரையைப் பார்த்தது.

முதலாளி சாக்கைத் தேடப் போனார்.

"கவ்வுற பாடத்தை அடுத்த வகுப்புல எடுப்பாங்க போல" என்றது கடுவன்.

சாம்பலி அதை ஒரு முறை முறைத்துவிட்டு, மகனின் பிடரியைக் கவ்விக்கொண்டு மூட்டைகளுக்குப் பின்னால் ஓடி ஒளிந்தது. மேல் மூட்டையிலிருந்து அந்த எலி எட்டிப் பார்த்தது.

"அக்கா, இது எந்தப் பள்ளிக்கூடம்? எதிர்க்கடைப் பூனைக்கும் மூணு குட்டி இருக்கு."