பிடுங்கிய இடுக்கி

முதலில் என்னை அவமானப்படுத்தியவன் லூசியஸ். என் பெண்டாட்டியின் தம்பி.

ஆறு வருஷத்துக்கு முன்னால், ஜூலை நாலாம் தேதி சுதந்திர தின விருந்தில், மொத்தக் குடும்பமும் பார்த்துக்கொண்டிருக்க என் கையிலிருந்த இடுக்கியைப் பிடுங்கினான்.

"நீங்க போய் உக்காருங்க மச்சான். இனிமே அடுப்பு என்னுது."

காரணம் எதுவும் சொல்லவில்லை. அவன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒரு மாசம்கூட ஆகவில்லை, அதற்குள் அவ்வளவு திமிர்.

அந்த அடுப்பு நான் செய்தது. எண்ணெய் பீப்பாயை நீளவாக்கில் அறுத்து, கீல் வைத்து, கால் பற்றவைத்தவன் நான். எங்கள் ஜார்ஜியாவில் இறைச்சி சுடுகிறவன் கையிலிருந்து இடுக்கியைப் பிடுங்குவதும் அவன் பேன்ட்டை உருவுவதும் ஒன்றுதான். அன்றிலிருந்து அவனுக்கு என் பதில் 'ம்' மட்டும்.

இந்த வருஷம் எனக்கு வேறு கவலை. முட்டி தேய்ந்துவிட்டது. எடை குறையாமல் அதில் கத்தி வைக்க மாட்டேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிப்ரவரியில் வயிற்றைச் சின்னதாக்கும் ஆபரேஷன் செய்துகொண்டேன். நாலு வாய்க்கு மேல் போனால் அப்படியே திரும்பி வரும். பெண்டாட்டிக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்களிடம் குடலிறக்க ஆபரேஷன் என்று சொல்லிவைத்தோம்.

மறைத்ததற்குக் காரணம் வெர்னெல்லா. என் பெண்டாட்டியின் அக்கா. விருந்து அவள் வீட்டுக் கொல்லைப்புறத்தில்தான் நடக்கும். எல்லாருக்கும் தட்டை அவளே நிரப்புவாள். சாப்பிட்டு முடித்ததும் யார் எதை எறிந்தார்கள் என்று குப்பைத் தொட்டியைத் திறந்து பார்ப்பாள். அவள் மருமகள் டெனீஸ் இதே ஆபரேஷன் செய்துகொண்டதை வாய்விட்டுச் சொன்னாள். "என் சாப்பாட்டத் திங்காம இருக்கக் காசு குடுத்து வயித்த அறுத்துக்கிட்டா" என்று வெர்னெல்லா ஊர் முழுக்கச் சொல்லி, கால்வயிறு என்று பேரும் வைத்தாள். சர்ச்சில் பொடிசுகள்கூட அப்படித்தான் கூப்பிடுகின்றன. டெனீஸ் இப்போது விருந்துக்கே வருவதில்லை.

ஈஸ்டருக்கு வெர்னெல்லா ஊரில் இல்லாததால் தப்பித்தேன். ஜூலை நாலில் வழியில்லை. பன்றி விலா எலும்பு ஒரு பாளத்தைத் தனியாளாக முடிக்கிறவன் என்று பெயரெடுத்தவன் வேறு நான்.

காரை விட்டு இறங்கியதுமே லூசியஸ் வந்து இடுக்கியை என் கையில் திணித்தான்.

"தோள்பட்டை வலி மச்சான். இன்னிக்கி நீங்க நில்லுங்க."

"வேணும்னா புடுங்குவே, வேணாம்னா குடுப்பே. நான் என்ன உன் வேலைக்காரனா?"

"அப்புறம் சண்டை போடுங்க. விலா கருகுது."

கறி கருகுவதைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியாது. அது அவனுக்குத் தெரியும். வெயிலில், புகையில் நின்று புரட்டினேன். நடுவில் ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டான். கிழவன் என்று நாலு பேருக்குக் காட்டவா என்று நினைத்து, வெகுநேரம் அதில் உட்காரவில்லை.

மத்தியானம் வெர்னெல்லா தட்டோடு வந்தாள். மக்ரோனி, உருளைக்கிழங்கு சாலட், கீரை, மேலே விலா. மலை மாதிரி இருந்தது.

"இளைச்சுட்டியே ஹோசியா. இந்தா, என் கண்ணு முன்னாடி சாப்பிடு."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். என் கை இடுக்கியை விடவில்லை.

மரத்தடியிலிருந்து லூசியஸ் குரல் கொடுத்தான். "அவருக்கு எதுக்குக்கா தட்டு? காலையில இருந்து ருசி பாக்குறேன்னு பாதிப் பன்னிய முழுங்கிட்டாரு. மிச்சத்தையாவது புள்ளைங்களுக்கு விடச் சொல்லு. அத இங்க கொண்டா, நான் பாத்துக்கிறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். வெர்னெல்லாவும் சிரித்துவிட்டு, தட்டை அவன் மடியில் வைத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். அவன் தின்றான். அன்று காலையிலிருந்து நான் ஒரு துண்டுகூட வாயில் போடவில்லை. இது இரண்டாவது அவமானம்.

கொஞ்ச நேரம் கழித்து அவன் தன் வண்டிக்குப் பின்னால் குனிந்து வாந்தி எடுப்பதைப் பார்த்தேன். குடித்திருக்கிறான் என்று நினைத்தேன். சந்தோஷமாக இருந்தது.

சாயங்காலம் பார்த்தால், ஐஸ் பெட்டியை அதே தோளில் தூக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான். இடுக்கியோடு போய் நின்றேன்.

"தோள்பட்டை வலின்னியே."

"போயிருச்சு."

"பாதிப் பன்னின்னு சொன்னே. நான் ஒரு துண்டு திங்கல."

"தெரியும். ஈஸ்டர் அன்னிக்கி அடுப்புக்கிட்ட நின்னு பாத்தேன். ஒவ்வொரு வாய்க்கும் கரண்டியக் கீழ வச்சீங்க. சாப்பிடுறப்போ தண்ணிய தொடவே இல்ல." பெட்டிமேல் கயிற்றை இழுத்துக் கட்டினான். முகம் இன்னும் வெளிறித்தான் இருந்தது. "அடுப்புக்கிட்ட நிக்கிறவன சாப்ட்டியான்னு இந்தக் குடும்பத்துல யாரும் கேக்க மாட்டாங்க மச்சான்."



வெர்னெல்லா வீட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு அவன் குரலைத் தணித்தான். "உங்களுக்கு என்ன, குடலிறக்கம்தானே?"

"ஆமா."

"எனக்கும் அதேதான். ஆறு வருஷம் ஆச்சு."

வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். இடுக்கி என் கையிலேயே இருந்தது.

எல்லாம் சரி. அன்றைக்குப் பிடுங்கினதற்கு அவன் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.