ஆளில்லாத நாற்காலி

சுங்கச்சாவடியில் வண்டிகளின் ஸ்டிக்கரைப் படிக்கும் ரேடியோ கருவி, பாண்டீஸ்வரியின் தலைக்கு ஒரு சாண் மேலே இருந்தது. கர்ப்பமாயிருந்த அவளுக்கு இது ஐந்தாம் மாதம். கதிர்வீச்சைச் சோதிக்க வந்த அதிகாரி அவளை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, காலி நாற்காலியில் மீட்டரை வைத்தார். முள் சிவப்பில் போய் நின்றது.

“ஆள் உக்காந்தாதாம்மா ஆபத்து. இங்க ஆளில்லைன்னு எழுதிட்டேன்.”

“தினம் எட்டு மணி நேரம் நான்தானே சார் உக்காந்திருக்கேன்?”

“அளக்கும்போது நீங்க இல்லையே.”

‘ஆபத்தில்லை’ என்ற சான்றிதழைக் கருவிக்கு நேர் கீழே ஒட்ட வேண்டும் என்பது விதி. விதியில் அவர் கறார். காகிதத்தையும் பசையையும் அவளிடம் நீட்டிவிட்டு, ஜீப் வரை பின்வாங்கி நின்றுகொண்டார்.

“உள்ள போய் நீங்களே ஒட்டிடுங்க. நேரா இருக்கான்னு இங்கேருந்து பாத்துச் சொல்றேன்.”