மேசை போதும்

"எனக்க மவன் குண்டுக்கு முன்ன நிக்குதான். எனக்க மருமவன் மேசைக்குப் பின்ன இருக்கப் போறாராம். இத நான் சபையில எந்த வாயால சொல்லுவேன்?"

ராகேலின் மடியில் முருங்கைக்கீரை கிடந்தது. அரை மணி நேரமாக ஒரு இலைகூட உருவவில்லை.

மருமகன் ரசலையன் ஏழு வருஷம் பட்டாளத்தில் இருந்தவன். பேரை ரிசர்வில் விட்டுவிட்டு ஊருக்கு வந்து, கருங்கல் சந்தையில் கொப்பரை வியாபாரம் செய்துகொண்டிருந்தான். முப்பத்தொன்பதில் சண்டை மூண்டதும் ரிசர்வ்காரர்களைத் திரும்பக் கூப்பிட்டார்கள். பெங்களூர் போய்ப் பேரைப் பதிந்துவிட்டு, நாலு நாள் லீவில் வந்திருந்தான்.

பெங்களூர் போகும்போது ராகேல் அவனிடம் சொல்லி அனுப்பியது ஒன்றே ஒன்றுதான். அவள் மகன் சத்தியநேசன் இருக்கிற பட்டாளக் கம்பெனியில் போய்ச் சேர வேண்டும். ஆகஸ்டில் எகிப்துக்குக் கப்பலேறிய பிள்ளை. மூன்று மாசமாக ஒரு வரி இல்லை. இருக்கிறானா, இல்லையா, அதுவே தெரியவில்லை.

"அந்தக் கம்பெனியில எடமில்லேன்னு சொல்லிட்டானுவளா?"

"எடம் இருந்துது மாமி."

"பிறவு?"

"துரை ரெண்டு வேலை சொன்னாரு. ஒண்ணு, மச்சான் இருக்கிய கம்பெனி. இன்னொண்ணு, பம்பாயில உளவு ஆபீசு. இருந்த எடத்துல இருந்து தாளு பாக்கிய வேலை. எது வேணும்னு கேட்டாரு. மேசை போதும்னு சொன்னேன்."

"நீரே கேட்டு வாங்கினீரா?"

"ஆமா."

ஒரு பொய் சொல்லியாவது மறைக்கத் தெரியவில்லையே இந்த மனுஷனுக்கு! ராகேலுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"எனக்க பிள்ளைய விட ஒசந்த தாளு, அது என்ன தாளு?"

"வெளியில சொல்லக்கூடாது மாமி. சத்தியம் வாங்கியிருக்காவ."

"சொல்ல நாணமா இருக்குன்னு சொல்லும்!"

"அம்மா, விடுங்களேன்" என்று மகள் ஞானபாய் நடுவில் வந்தாள்.

"நீ வாயத் தொறந்து மிண்டாத இருட்டி. ஒனக்கென்ன? ஒனக்க மாப்பிள்ளை மேலு நோவாம வீடு வந்து சேருவாரு."

ஞானபாய் முகம் சுண்டிப்போய் உள்ளே போனாள். சபைப் பள்ளிக்கூடத்து வாத்திச்சி அவள். புருஷன் மேசையைக் கேட்டு வாங்கின சேதி அவளுக்கு முன்னாலேயே பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்திருந்தது.

மறுநாளும் ராகேல் தபாலாபீசுக்கு நடந்தாள். இல்லை என்றார்கள். திரும்பி வரும்போது முக்குக் கடைக்குள்ளிருந்து கடைக்காரன் நேசையன் கூப்பிட்டான்.

"ஏ ராகேலக்கா! மருமவனுக்குத் துப்பாக்கிக்குப் பதிலா மைக்கூடு குடுத்துட்டாவளாமே! குண்டு வந்து விழுந்தா மையொத்துத் தாள வச்சு ஒத்தி எடுப்பாரோ?"

கடையில் நின்றவர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள்.

"எங்க ஒத்தி எடுக்க? அதையும் போட்டுட்டு ஓடிருவாரு" என்றாள் ராகேல்.

வீட்டுக்கு வருகிற வரைக்கும் அந்தச் சிரிப்பு அவள் காதை விட்டுப் போகவில்லை.

நாலாம் நாள் காலை. ரசலையன் டிரங்குப் பெட்டியைத் தூக்கித் தோளில் வைக்குமுன், மாமியார் முன்னால் வந்து தலையைக் குனிந்து நின்றான். யாத்திரை போகிறவன் தலையில் பெரியவர்கள் கை வைத்து ஜெபம் பண்ணி அனுப்புவது அவர்கள் வீட்டு முறை.

"ஒரு ஜெபம் பண்ணி விடுங்க மாமி."

ராகேல் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"சண்டைக்குப் போறவனுக்கு ஜெபம் வேணும். நாற்காலிக்கு என்னத்துக்கு?"

அவன் நிமிர்ந்தான். பிறகு பெட்டியோடு தக்கலை பஸ்ஸுக்கு நடந்தான்.

அதற்குப் பிறகு ராகேலுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்தாள், எழுந்தால் வாசலுக்கு வந்தாள். சோற்றில் உப்புப் போட்டோமா என்று மறந்து இரண்டு தடவை போட்டாள்.

ஒன்பதாம் நாள், தபால்காரர் ததேயுஸ் முடுக்குக்குள் திரும்பும்போதே கத்தினார்.

"ராகேலக்கா! மவனுக்க காகிதம்! ஒண்ணில்ல, ஏழு! மொத்தமா வந்திருக்கு!"

செப்டம்பரில் எழுதினது, அக்டோபரில் எழுதினது, எல்லாம் ஒரே கட்டு. ஒவ்வொரு உறையையும் யாரோ பிரித்துத் திரும்ப ஒட்டியிருந்தார்கள். ஞானபாய் முதல் கடிதத்தை விரித்தாள்.

"மேல 121 – 8 போட்டிருக்கான் அம்மா."

ராகேல் ஓவென்று அழுதாள். 'நலம்' எழுதுவதற்கு முன் வேதத்துச் சங்கீதங்களிலிருந்து ஒரு வசனத்தின் எண்ணைப் போடுவது அந்தச் சபைக்காரர்கள் வழக்கம். வெறும் எண்தான். எண்ணைக் கேட்டாலே வசனம் வாயில் வந்துவிடும், எழுதப் படிக்கத் தெரியாத ராகேலுக்கும். 121 – 8 என்றால், 'கர்த்தர் உன் போக்கையும் உன் வரத்தையும் காப்பார்.'

"அடுத்தது?"

"91 – 4."

"எனக்க மக்கா... உயிரோட இருக்கியா மக்கா..."

ஏழு கடிதத்திலும் அந்த எண்ணைச் சுற்றி யாரோ சிவப்புப் பென்சிலால் அழுத்தி வட்டம் போட்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு பெரிய கேள்விக்குறி.

"இது ஆருக்க வேலை? பிள்ளை எழுதின வசனத்துல என்னத்துக்குக் கேள்வி?"

கட்டின் அடியில், எடுக்க மறந்துபோன குண்டூசியோடு ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. ஞானபாய் அதைப் படித்தாள். மறுபடியும் படித்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னட்டி?"

"இது அவியளுக்க கையெழுத்து அம்மா. பெங்களூருல வச்சு துரைக்கு எழுதினது. இங்கிலீசுல இருக்கு."

"என்ன எழுதியிருக்கு? வாசி."

ஞானபாய் ஒவ்வொரு சொல்லாகத் தமிழில் சொன்னாள்:

"'ஐயா, நீங்கள் காட்டிய கடிதங்களில் இருக்கும் இந்த எண்கள் எதிரிக்கு எழுதின ரகசியக் குறி அல்ல, எங்கள் சபையின் வேதவசனங்கள். இந்தப் பிள்ளைகளின் கடிதங்களை எரித்துவிட வேண்டாம். இதை வாசிக்கத் தெரிந்த ஆள் உங்களிடம் இல்லையென்றால், நான் கேட்ட கம்பெனி எனக்கு வேண்டாம். எனக்கு அந்த மேசை போதும்.'"