கோசலை அக்காவின் முதுகு நோவு

டிலானி பரீட்சையில் தவறியதை இராஜேந்திரன் அண்ணைக்கு மட்டும்தான் சொல்லியிருந்தாள். அடுத்த நாளே அது லா ஷப்பல் தமிழ்க் கடைத்தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது.

மன்னார் ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்தவள் அவள். பாரிசில் அதே வேலைக்குப் போக இங்கேயும் ஒரு பரீட்சை பாஸ் பண்ண வேண்டும். அதுவரைக்கும் ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில், இராஜேந்திரனின் பலசரக்குக் கடையில் பில் போடுகிறாள்.

எழுத்துப் பரீட்சையில் நல்ல புள்ளி. விழுத்தியது செய்முறை. நோயாளியாக நடித்த பிரெஞ்சுக்காரி கட்டிலில் கிடந்து முனகினாள். டிலானி தலையணையைச் சரிசெய்தாள், நாடி பார்த்தாள், எல்லாம் சரி. வாய்தான் திறக்கவில்லை. பிரெஞ்சு தொண்டைக்குள்ளேயே நின்றுவிட்டது.

இன்னும் ஒரே ஒரு தரம் எழுதலாம். அதுவும் போனால் வெள்ளை உடுப்பை மறந்துவிட வேண்டியதுதான்.

கடைக்கு முதலில் வந்தது கோசலை அக்கா. இத்தனை வருடம் பாரிசில் இருந்தும் பிரெஞ்சு வராமல் தபால் கந்தோருக்குக்கூட மகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர். முருங்கைக்காய்க் கட்டை மேசையில் வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"ழே மால் ஓ தோ, மத்மசெல்."

முதுகு நோகுதாம். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். டிலானிக்கு முகம் சிவந்துபோனது.

பின்னேரம் பக்கத்துச் சலூன் மடுத்தீன் நெஞ்சைப் பொத்திக்கொண்டு வந்தான். அவனுக்கும் பிரெஞ்சில்தான் நோவு. எப்போதிருந்து என்று அவளும் வெடுக்கென்று பிரெஞ்சிலேயே கேட்டாள். அவன் முழித்தான். ஒன்றும் வாங்காமல் போய்விட்டான்.

மறுநாள் கடை திறக்க முதலே வந்து நின்றான். மூன்று நாளாக, என்று பிரெஞ்சில் பதில் சொன்னான்.

நக்கலடிக்கவென்று ஒரு மனிதன் மினக்கெட்டுப் பாடமாக்கிக்கொண்டு வருவானா? அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதோடு நிற்கவில்லை. ஒருத்திக்குத் தலைச்சுற்று, ஒருத்தருக்குக் கால் வீக்கம். புறநகர் எபினேயிலிருந்து அரிசிமா வாங்க வந்த ஒருவர் மேசையில் சாய்ந்து மயங்கியே விட்டார்.

இராஜேந்திரன் அண்ணை வெண்டிக்காய் பொறுக்குகிற சாட்டில் குனிந்து நின்று சிரித்தார். ஒருவரையும் தடுக்கவில்லை.

"ஏன் அண்ணை எல்லாருக்கும் சொன்னனீங்கள்?"

"என்ரை வாய் சும்மா கிடக்காது பிள்ளை."

சாமான் அறைக்குள் போய் அழுதாள். பாஸ் பண்ணினால் முதல் வேலை இந்தத் தெருவை விட்டுப் போவதுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

அழுது முடிய ரோசம் வந்தது. நடிக்கிறவர்கள் நடிக்கட்டும். எங்கே நோகிறது, எப்போதிருந்து, நோவு பத்துக்கு எவ்வளவு என்று வருகிறவர்களைப் பிரெஞ்சில் பிடித்து உலுப்பத் தொடங்கினாள். பயப்படாதீர்கள் மெடம், நான் பக்கத்திலேயே இருக்கிறேன் என்று ஆறுதலும் சொன்னாள். கை பில் போட, வாய் தன்பாட்டில் விசாரித்தது.

இரண்டாம் தரம் பரீட்சைக்குப் போனபோது கட்டிலில் ஒரு தாடிக்காரன் கிடந்தான். அவன் முனகி முடிக்க முதலே டிலானி தொடங்கிவிட்டாள். கேள்விக்கு மேல் கேள்வி. கடைசியில் அவன் முனகுவதை மறந்து பதில் சொல்லிக்கொண்டிருந்தான்.

முடிவு ஒரு சனிக்கிழமை, கடையில் நிற்கும்போது போனில் வந்தது. பாஸ்.

போனை இராஜேந்திரன் அண்ணையிடம் காட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வாசலுக்குப் போய் எதிர்ப்பக்கம் பார்த்துக் கையை உயர்த்தினார்.

சிவப்பு விளக்கையும் பாராமல் தெருவைக் கடந்து ஓடி வந்தார் கோசலை அக்கா. எங்கே நோகிறது மெடம் என்று டிலானியின் வாய் பழக்கத்தில் பிரெஞ்சில் கேட்டுவிட்டது.

அக்கா அவளுடைய இரண்டு கன்னத்தையும் பிடித்துக் கொஞ்சினார்.

"ஒரு இடமும் நோகேல்லை பிள்ளை. இராஜேந்திரன் அண்ணை எங்களுக்குப் பாடமாக்கித் தந்த நோவு வருத்தமெல்லாம் இண்டையோடை சுகம்."