தொட்டுப் பாருங்கடா!

“தொட்டுப் பாருங்கடா, சோத்து மூட்டைங்களா!”

கத்திக்கொண்டே நடுக்கோட்டைத் தாண்டி வந்து நின்றான் ஜமீர். ஏழு பேர் நின்ற கட்டத்துக்குள் கபடி பாடிப் போனவன், மூன்று பேரைத் தொட்டுவிட்டுப் பனியனில் ஒரு பொட்டு மண்கூட ஒட்டாமல் திரும்பியிருந்தான்.

தர்மபுரி காலேஜ் கபடி கிளப்பில் அவன் சேர்ந்த முதல் வாரம் போக, அப்புறம் தினமும் இதே கதைதான். ஒருத்தனாலும் அவனைப் பிடிக்க முடியவில்லை. இதெல்லாம் ஒரு டீமா, தூ என்றிருந்தது அவனுக்கு.

பள்ளிக்கூடத்தில் ஜமீர் ஆடிய காலத்தில், அவன் ஆட்டத்தைப் பார்க்கப் பாப்பாரப்பட்டியிலிருந்தெல்லாம் ஆள் வரும். சேலத்தில் பெரிய போட்டி, மறுநாள் பஸ் ஏற வேண்டும் என்கிற சமயம் பார்த்து, “படிச்சதும் போதும், ஆடுனதும் போதும்” என்று அப்பா அவனைத் தன் டிரங்குப் பெட்டிக் கடையில் உட்காரவைத்துவிட்டார். அன்றைக்கு அழுத அழுகையை ஜமீர் இன்னும் மறக்கவில்லை.

அதன்பிறகு வருஷக்கணக்கில் பெட்டி தூக்கினான். தூக்கித் தூக்கிக் குடல் இறங்கி, போன கோடையில் வயிற்றில் ஆபரேஷன் ஆயிற்று. இனி இவன் கடைக்கு ஆகமாட்டான் என்று அப்பாவே கொண்டுவந்து காலேஜில் தள்ளினார். மீசை முளைக்காத பையன்களோடு இருபத்து நாலு வயதில் பி.ஏ. முதல் வருஷம்.

இருந்தால் என்ன? காலேஜ்களுக்கு இடையே யுனிவர்சிட்டி நடத்தும் போட்டி, இந்த எண்பத்தாறில் அதே சேலத்தில். இந்தத் தடவை யார் தடுத்தாலும் போயே தீருவது என்று முடிவு கட்டிவிட்டான். கடைத்தெரு முழுக்கச் சொல்லியும் ஆயிற்று.

அவனுக்கு மிகவும் எரிச்சலூட்டியது கேப்டன் மாயவன்தான். மாரண்டஹள்ளிப் பக்கத்து விவசாயி மகன். சாயங்காலமானால் முதல் வேலையாக ஜமீர் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தி, ஜமீரின் மனைவி ஜுபைதா பொரித்துக் கொடுக்கும் சமோசாத் தூக்கை வாங்கி ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டுதான் மைதானத்துக்கு வருவான். கேப்டனாம் கேப்டன்! தூக்குச் சட்டி கேப்டன்.

ஜுபைதாவுக்கும்தான் புத்தி எங்கே போயிற்று? உருப்படாத பயல்களுக்கு நாள் தவறாமல் எண்ணெய்ச் சட்டி வைக்கிறாளே!

“இன்னொரு பாட்டு வரேன். கையில தெம்பிருந்தா புடிங்கடா பாப்போம்!”

ஜமீர் மறுபடியும் உள்ளே போனான். ஓரத்தில் நின்ற தர்மன் என்ன நினைத்தானோ, பாய்ந்து ஜமீரின் கணுக்காலை இறுக்கிப் பிடித்துவிட்டான். நல்ல இரும்புப் பிடி.

“டேய் தர்மா!” என்று அதட்டினான் மாயவன்.

தர்மனின் கை சட்டென்று நழுவியது. ஜமீர் கால் உதறி, சாவகாசமாக நடந்தே கோட்டுக்கு வந்தான்.

“அவனத் திட்டி என்னப்பா பண்றது? அது கையா, முருங்கக்காயா?”

பையன்கள் பாட்டுக்கு அவரவர் இடத்துக்குத் திரும்பிப் போனார்கள். ரோஷம் என்கிற சாமானே இல்லாத ஜென்மங்கள் என்று நினைத்துக்கொண்டான் ஜமீர்.

ஆட்டம் முடிந்து வேப்பமரத்தடியில் தூக்கைத் திறந்தார்கள். ஆளுக்கொரு சமோசாவை எடுத்துக்கொண்டதும் மாயவன் சேலம் போகும் டீமைச் சொன்னான். தர்மன் பெயர் வந்தது. நேற்றுச் சேர்ந்த நோஞ்சான் ஒருவன்கூட மாற்று ஆட்டக்காரனாக வந்தான். ஜமீர் பெயர் கடைசிவரை வரவில்லை.

“எங்கடா எம்பேரு?”

“இல்லீங்ணா.”

“இல்லியா? ஏண்டா, சோத்துல உப்பு போட்டுத்தான் திங்கறீங்களா நீங்க?” ஜமீர் எழுந்து நின்றான். “எம்மேல ஒரு வெரல் வெக்கத் துப்பில்ல. நீங்கெல்லாம் சேலம் போவீங்க, நான் வூட்ல குந்திக்கிட்டு இருக்கணுமா? பொறாமடா! என்னியப் புடிக்க முடியலங்கற வயித்தெரிச்சல்!”

மாயவன் தூக்கை மெதுவாக மூடினான். “கோவிச்சுக்காதீங்ணா. உங்களப் புடிக்க முடியாம இல்லீங்க. புடிக்கல, அவ்ளோதான்.”

“என்னடா ஒளர்ற?”

“அக்காதாங்க, மொத வாரமே தூக்கக் கையில குடுத்துட்டு அழுதுட்டாங்க. ‘தையல் போட்ட வயிறு தம்பி, ஒருத்தரும் அவரு மேல உழுந்துடாதீங்க’ன்னு.”

ஜமீர் பையன்களைப் பார்த்தான். அத்தனை பேரும் குனிந்து கையிலிருந்த சமோசாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தர்மன் மட்டும் தன் சமோசாவை மெல்லத் தூக்கு மூடியின்மேல் வைத்தான்.

“பொய் சொல்றீங்கடா” என்றான் ஜமீர்.

“நம்ம கிரவுண்டுல சரிங்ணா, நாங்க பாத்துக்குவோம்” என்றான் மாயவன். “சேலத்துப் பசங்களுக்கு யாருங்ணா சமோசா குடுக்கறது?”